கழற்றிப் பார்க்க விட்ட டிராக்டர்

பிறப்பு: 1971, அரியானா மாநிலம் பிஞ்சோர். இறப்பு: 2016 அக்டோபர் கடைசி வாரம், புது டெல்லியில் கூடிய மத்திய அமைச்சரவையில். தீபாவளிக்கு இரண்டு மூன்று நாட்களே இருந்தன. பிஞ்சோரில் இருந்த எச்எம்டி டிராக்டர் பிரிவை மூடுவது, தொழிலாளர்களின் சம்பள பாக்கியைத் தீர்த்து அவர்களை விருப்ப ஓய்வில் அனுப்புவது, இதற்கென ஏறத்தாழ 718 கோடி ரூபாய் ஒதுக்குவது என்று முடிவாயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் எச்எம்டி கைக்கடிகார நிறுவனத்தை மூட முடிவெடுத்தபோது நினைவுக் கட்டுரைகள் குவிந்தன. அப்பா கட்டியிருந்தது, கல்யாணத்தில் மாமனார் போட்டது, பத்தாம் வகுப்பு தேறியதற்குத் தாத்தா வாங்கித் தந்தது என்று ஆளுக்கொரு கதை இருந்தது. டிராக்டருக்கு அப்படி எழுத ஆளில்லை. அதை வைத்திருந்தவர்கள் வயலில் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் எச்எம்டி ஓடியதில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் அது அதிகம் கண்ணில் படும் வண்டியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு உழவுப் பருவத்திலும் யாராவது ஒருவர் வண்டியை வயலில் நிறுத்திவிட்டு டீலர் வாசலில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, நம் கையை விட்டுப் போனது என்ன என்பதைச் சொல்ல எனக்கு அந்த வண்டிதான் நினைவுக்கு வருகிறது.

1960களில் இந்தியாவில் டிராக்டர் கிடைப்பதே பெரும்பாடு. குறுகிய காலப் பயிர்கள் வந்து, ஒரு போகத்துக்கும் அடுத்த போகத்துக்கும் இடைவெளி சுருங்கிப் போயிருந்த நேரம். மாடு கட்டி உழுது அந்த இடைவெளிக்குள் முடிக்க முடியவில்லை. உள்நாட்டில் செய்த வண்டி போதவில்லை, வெளிநாட்டிலிருந்து இறக்கினார்கள். பணம் கட்டிப் பதிந்துவிட்டு நெடுங்காலம் காத்திருந்த விவசாயிகள் உண்டு. 1953-ல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனமான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ், அதாவது எச்எம்டி, சிவாலிக் மலையடிவாரத்தில் பிஞ்சோரில் ஏற்கெனவே மில்லிங் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தது. அங்கேயே டிராக்டரும் செய்ய இறங்கியது. செக்கோஸ்லோவாகியாவின் மோட்டோகோவ் நிறுவனத்தோடு ஒப்பந்தம். வண்டி, பிர்னோ நகரத்து ஜெட்டோர். முதலில் வந்தது 25 குதிரைத்திறன் கொண்ட 2511. பிறகு 3511, 4511, 5911 என்று வளர்ந்தது. எண்ணின் முதல் இரண்டு இலக்கம்தான் குதிரைத்திறன். வாங்க வருகிறவரிடம் விற்பனையாளர் அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஜெட்டோர் பொறியாளர்கள் இந்த வரிசையை வகுத்தபோது ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். இரண்டு சிலிண்டர், மூன்று சிலிண்டர், நான்கு சிலிண்டர் என்று வண்டி மாறினாலும் உள்ளே போகும் உதிரிகளில் கூடியமட்டும் ஒன்றையே எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்தார்கள். சின்ன வண்டியைக் கழற்றக் கற்றவனுக்குப் பெரிய வண்டி புதிராக இருக்காது. கடைக்காரர் குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு பல வண்டிக்குப் பதில் சொல்லலாம். தொழிற்சாலையின் செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடுதான்; அதன் பலன் பட்டறைக்காரருக்கும் போய்ச் சேர்ந்தது.

அந்த வண்டியைத் திறந்தால் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியும். டாங்கியிலிருந்து பில்டர், பில்டரிலிருந்து பம்ப், பம்பிலிருந்து சிலிண்டருக்கு ஒன்றாக இரும்புக் குழாய்கள், ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு நாசில். வண்டி இழுக்காமல் திணறி நின்றால் முதலில் ஏர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பில்டரின் மேலிருக்கும் திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பம்பை அடித்தால் டீசல் நுரைத்து வரும். நுரை அடங்கித் தெளிந்து வரும்வரை அடித்து, திருகை முடுக்கி, ஸ்டார்ட் செய்தால் போதும். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியவேண்டுமா? எஞ்சினை ஓடவிட்டு நாசில் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பார்ப்பார்கள். நல்ல சிலிண்டரில் தளர்த்தினால் எஞ்சின் சத்தம் தடுமாறும். எதில் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதில்தான் கோளாறு. சோதிக்கத் தேவைப்பட்டது ஒரு ஸ்பேனரும் இரண்டு காதும்.

புகையும் பேசும். கறுப்பாக வந்தால் டீசல் அதிகம் போகிறது, அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கிறது. நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்துவிட்டது. வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர் இறங்குகிறது. வரப்பில் நின்று புகையைப் பார்த்தே இன்னது என்று சொல்லிவிட்டு, கிட்டே வந்து கைவைக்கும் மெக்கானிக்குகளை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அது நிறைய வண்டி பார்த்த அனுபவம். வண்டி தன் நோயை மறைக்காததால் வளர்ந்த அனுபவம்.

சிலிண்டரின் உட்குழலான லைனர் தேய்ந்தால் என்ன? எச்எம்டியில் இருந்தது தண்ணீர் சூழ்ந்து நிற்கும் தனி லைனர். எஞ்சின் பிளாக்கைச் சுமந்துகொண்டு ரீபோர் போட நகரத்துக்கு ஓட வேண்டாம். பழைய லைனரை உருவி எடுத்துவிட்டு, புது லைனர், பிஸ்டன், ரிங் என்று செட்டாக இறக்கிவிடலாம். கிளட்ச் பிளேட் போனால் வேலை பெரிது. வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். மரத்தடியில் கட்டை முட்டுக் கொடுத்து முன்பாதியை நிறுத்துவார்கள். பின்பாதியை ஜாக்கியில் ஏற்றி, போல்ட்டுகளைக் கழற்றி, நாலைந்து பேர் சேர்ந்து மெல்லப் பின்னுக்கு உருட்டுவார்கள். பிளேட்டை மாற்றிவிட்டு மறுபடி சேர்க்கும்போது ஷாஃப்ட்டின் பல் சரியாக உட்கார வேண்டும். அந்த ஒரு கணத்துக்காக ஒருவர் பின்சக்கரத்தைப் பிடித்து அணுவளவு திருப்பிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் சாவி எடுத்துக் கொடுக்கும் பையன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பான். சில வருஷங்களில் அவனும் மெக்கானிக். வடக்கே அவனுக்கு மிஸ்திரி என்று பெயர். எந்தக் கம்பெனியும் அவனுக்குச் சான்றிதழ் கொடுத்ததில்லை.

இப்படிப்பட்ட வண்டி ஏன் செத்தது என்று கேட்டால், அதற்கும் டீலரையும் சர்வீஸையும் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது. 1991-க்குப் பிறகு தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் போயின. தனியார் நிறுவனங்கள் சிறு நகரங்கள்வரை ஷோரூம் திறந்தன. கடன் ஏற்பாட்டை அவர்களே செய்து தந்தார்கள். நியூ ஹாலந்து, ஜான் டீர் போன்ற பன்னாட்டுக் கம்பெனிகளும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இந்தியாவில் கால் வைத்தன. பிஞ்சோரிலோ நடைமுறை மூலதனம் வற்றியது. புது மாடலுக்குப் பணம் இல்லை. இருக்கும் மாடலைச் செய்வதற்கே சிரமம். வண்டி வந்து சேராத ஷோரூமை எந்த டீலர் எத்தனை நாள் நடத்துவார்? பெயர்ப்பலகை மாறியது. வண்டி எவ்வளவு நன்றாக உழைத்தாலும் பக்கத்தில் கடை இல்லை என்றால் விவசாயி புது வண்டிக்கு வேறு இடம் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. உழவு நாளில் உதிரிபாகத்துக்காக எங்கோ அலைய அவருக்குப் பொழுதில்லை. அரசு தன் சொந்த வண்டியைப் பட்டினி போட்டது. பட்டினியில் அது மெலிந்ததைக் காட்டி மூடியது. இது என் கருத்து. இதில் எனக்குக் கோபமும் உண்டு. கடைசி ஆண்டுகளில் சம்பளம் வராமல் வேலைக்கு வந்த தொழிலாளர்கள் பிஞ்சோரில் இருந்தார்கள். அந்த வளாகத்து நிலத்தின் ஒரு பகுதியில் இன்று ஆப்பிளுக்கும் காய்கனிக்கும் மொத்தச் சந்தை.

கம்பெனி போனபின்னும் வண்டி ஓடியது. பஞ்சாபில் 5911 இன்றும் மதிப்புள்ள வண்டி. கனமான உடம்பு, இழுவைக்குப் பேர்போனது. மோகா போன்ற ஊர்களின் பழைய டிராக்டர் சந்தைகளில் அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உதிரிபாகம் லூதியானாவின் சிறு ஆலைகளிலும் டெல்லியின் மொத்தக் கடைகளிலும் கிடைத்தது. கிடைக்காததை லேத்தில் கடைந்தார்கள். பாடகர் சித்து மூசேவாலா, தன் இசை நிறுவனத்துக்கே 5911 என்று பேர் வைத்தவர். 2022 மே 29-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து மான்சா மாவட்டத்தில் அவருடைய மூசா கிராமத்தில் இறுதி ஊர்வலம் நடந்தது. உடல் ஏற்றப்பட்டது அவர் ஆசையாய் வைத்திருந்த அதே 5911 வண்டியில். ஆலை மூடி ஐந்தரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. டீலர் இல்லை, சர்வீஸ் சென்டர் இல்லை, வாரன்ட்டி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த அன்று அந்த வண்டி கூட்டத்துக்கு நடுவே நிதானமாக ஓடியது. யாரோ ஒரு மிஸ்திரி அதைக் கவனித்து வைத்திருந்தார் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்க முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தை எங்கள் ஊரில் பார்த்தேன். ஒரத்தநாட்டுப் பக்கம் ஜூன் மாதம் என்றால் மேட்டூர் திறப்பு. அணை திறக்க ஜூன் 12 என்பது நெடுநாள் வழக்கம். ஆற்றில் தண்ணீர் வந்து வாய்க்காலில் ஏறியதும் டெல்டா முழுக்க ஒரே நேரத்தில் சேறடிக்கத் தொடங்கும். என் சித்தப்பா அப்போதுதான் புதிதாக 55 குதிரைத்திறன் வண்டி ஒன்று வாங்கியிருந்தார். கேஜ் வீல் மாட்டி வயலில் இறக்கிய இரண்டாம் நாள் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடியது, ஆனால் வேகம் ஏற மறுத்தது. எங்கள் ஊர் மெக்கானிக் வந்து பார்த்தார். முப்பது வருஷம் டீசல் வண்டி பார்த்தவர். வயரைப் பார்த்தார், பில்டரைப் பார்த்தார், கையைத் துடைத்துக்கொண்டு, “இதுல நான் கை வைக்கக் கூடாதுண்ணே, வாரன்ட்டி போயிடும். வச்சாலும் கம்ப்யூட்டர் இல்லாம ஒண்ணும் தெரியாது” என்றார்.

டீலரிடம் போனோம். கம்பெனி பெயர் வேண்டாம். சர்வீஸ் கவுன்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்.

“லேப்டாப் வச்சிருக்க ஆளு பட்டுக்கோட்டை போயிருக்காருங்க சார். நாளைக்கு வந்துடுவாரு.”

“நாளைக்குன்னு முந்தாநாளே சொன்னீங்களே தம்பி. தண்ணி வந்து நிக்குது. முறை போச்சுன்னா நாத்து முத்திரும்.”

“புரியுதுங்க. ஜாப் கார்டு போட்டாச்சு. உங்களுக்கு முன்னாடி பதினோரு வண்டி இருக்கு.”

அதே வளாகத்தில் இன்னொரு பக்கம் கண்ணாடிக் கதவுக்குள் புது வண்டிகளுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார்கள். விற்கிற பக்கத்தில் ஆள் நிறைய. பழுது பார்க்கிற பக்கத்தில் அந்தத் தம்பியும் பட்டுக்கோட்டைக்குப் போனவரும். எங்கும் பெரும்பாலும் இதே அமைப்புத்தான். மாத இலக்கு விற்பனைக்கு. சர்வீஸ் என்பது செலவுக் கணக்கில் வருவது. வருஷத்தில் பத்து மாதம் காலியாகக் கிடக்கும் பட்டறைக்கு ஜூன் மாதத்துக்காக ஆள் வைக்க எந்த முதலாளிக்கும் மனம் வராது. சித்தப்பா கடைசியில் மணிக்கணக்கு வாடகைக்குப் பக்கத்து ஊர் வண்டியைக் கூப்பிட்டுச் சேறடித்தார். அவர் வண்டியில் கோளாறு என்று பிறகு தெரிந்தது, ஒரு சென்சாரின் இணைப்பில் தண்ணீர் ஏறியிருந்தது. பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். பழுது அவ்வளவுதான், அது எந்த பிளக் என்று சொல்லத்தான் ஆள் வேண்டியிருந்தது.

பஞ்சாபிலும் ஜூன் மாதம்தான் நெருக்கடி. நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் கொண்டுவந்த சட்டத்தின்படி, அரசு அறிவிக்கும் தேதிக்கு முன் நாற்று நடக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் தேதி வந்ததும் அந்தந்தப் பகுதியில் எல்லா வண்டியும் ஒன்றாகச் சேற்றில் இறங்கும். பழுதும் ஒன்றாகத்தான் வரும். அக்டோபர், நவம்பரில் நெல் அறுத்துக் கோதுமை விதைப்பதற்குள் இருக்கும் சில வாரங்களிலும் இதே கதை. விவசாயத்தில் பழுது என்பது எப்போதும் தவணை முடிகிற நாளில் வருவது. அந்த நாளில் வயலுக்கே வந்து நிற்கக்கூடிய ஆள் ஊருக்குள் இருப்பதும், நகரத்தில் வரிசையில் நிற்பதும் ஒன்றல்ல.

புது வண்டிகளுக்கு ஏன் கம்ப்யூட்டர் வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 1 முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு டிரெம் நான்கு என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி அமலுக்கு வந்தது. பழைய நாசில் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறந்து டீசலைப் பீச்சியது. புகையைக் குறைக்க வேண்டும் என்றால் இன்னும் பொடியாக, ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், இத்தனை மில்லிசெகண்ட் என்று கணக்காகப் பீச்ச வேண்டும். அதைக் கையால் சரிசெய்த பம்பு செய்யாது; மின்னணுக் கட்டுப்பாடு வேண்டும். 5911 இன்று பிறந்திருந்தால் அதுவும் 59 குதிரைத்திறன் என்பதால் இந்த விதிக்குள்தான் வந்திருக்கும். டெல்லியிலும் லூதியானாவிலும் குளிர்காலத்தில் மூச்சுவிடுகிற பிள்ளைகளை நினைத்தால் அந்த விதியை நான் எதிர்க்க மாட்டேன்.

ஆனால் விதி கேட்டது சுத்தமான புகையை. கோளாறு எண்ணைப் படிக்கும் மென்பொருளை டீலர் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. அது கம்பெனிகள் தாமாக எடுத்த முடிவு. அமெரிக்காவில் இந்தச் சண்டை முற்றி, 2025 ஜனவரியில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இல்லினாய், மினசோட்டா மாநிலங்களோடு சேர்ந்து ஜான் டீர் மீது வழக்குத் தொடர்ந்தது. முழுப் பழுதுபார்ப்புக்கான மென்பொருளைத் தன் டீலர்களுக்கு மட்டும் தருகிறது என்பது குற்றச்சாட்டு. கொலராடோ மாநிலம் 2023-லேயே விவசாயக் கருவிகளுக்கென்று பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் இயற்றிவிட்டது. நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்கென ஒரு குழு அமைத்தது. எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. அந்த டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். கம்பெனிகள் தாமாக வந்து கையேடுகளையும் விவரங்களையும் அதில் பதிய வேண்டும் என்பது ஏற்பாடு. தாமாக வருவது வேறு, கட்டாயம் வேறு. அது சட்டமாகவில்லை.

பிழைப்புக்காகத் தானே ஓட்ட வாங்கிய வண்டிக்கு விவசாயி 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இது பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டும். ஆனால் தீர்ப்பு வரும்போது குறுவை அறுவடையும் முடிந்திருக்கும்.

எனவே கேட்க வேண்டியதை நேராகக் கேட்கிறேன். எச்எம்டி அரசு நிறுவனம். 2511 முதல் 5911 வரை ஒவ்வோர் உதிரிக்கும் பிஞ்சோரில் வரைபடம் இருந்திருக்கும். எந்த எஃகு, எந்த அளவு, எவ்வளவு விலகல் தாங்கும் என்று எழுதியிருக்கும். பாகப் பட்டியலும் பழுதுபார்ப்புக் கையேடும் இருந்தன. எல்லாம் மக்கள் பணத்தில் உண்டானவை. அவை இன்று எந்தக் கிடங்கில் இருந்தாலும் எடுத்து, ஒளிநகல் செய்து, லூதியானாவில் வார்க்கிறவருக்கும் மோகாவில் லேத் ஓட்டுகிறவருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அளவு தெரியாமல் பழைய பாகத்தைப் பார்த்துப் பார்த்துக் கடையும் வேலை அதோடு நிற்கும். அந்த வண்டியை விற்கும் கம்பெனியே இப்போது இல்லை என்பதால் யாருக்கும் நட்டமும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் 5911-கள் இன்னும் ஓடும். புது வண்டிகளின் மென்பொருளைக் கம்பெனிகளிடம் கேட்கப் போகும் அரசு, முதலில் தன் பீரோவைத் திறக்கட்டும்.